ஒரு மரத்துக்குப் பத்து மரம்: இந்தக் கணக்கு டேலி ஆகாது!

எங்கள் கல்லூரியில் எல்லா டிபார்ட்மெண்டுக்கும் பொதுவாகச் சுற்றுச்சூழல் கல்வி என்று ஒரு பேப்பர் உண்டு. பி.காம். பையன்களைப் பொறுத்தவரை அது தூங்குவதற்கென்றே ஒதுக்கப்பட்ட ஹவர். போன செமஸ்டரில் அந்த வகுப்பில் பேச வெளியிலிருந்து ஒருவரை அழைத்திருந்தார்கள். ரோடு போட வேண்டும், அணை கட்ட வேண்டும், எஸ்டேட் போட வேண்டும், மரம் வெட்டாமல் முடியுமா என்று ஆரம்பித்தவர், "ஒரு மரம் வெட்டினால் பத்து மரம் நடுங்கள். கணக்கு சரியாகிவிடும்" என்று முடித்தார். ஹாலே கை தட்டியது. பொய் சொல்லக் கூடாது, நானும்தான் தட்டினேன்.

அதே பேப்பருக்கு அசைன்மெண்ட் தலைப்பைச் சீட்டுக் குலுக்கிக் கொடுத்தார்கள். பக்கத்து சீட்டுக்காரனுக்கு பிளாஸ்டிக் ஒழிப்பு. அதிர்ஷ்டசாலி. எனக்கு வந்தது "வெப்ப மண்டல மரமேறும் சாலமாண்டர்கள்: இரை தேடலும் வாழிடமும்". தலையில் அடித்துக்கொண்டுதான் படிக்க உட்கார்ந்தேன். இரண்டு வாரம் கழித்து அசைன்மெண்டை நீட்டியபோது, அன்றைக்குத் தட்டிய கைதட்டலை வாபஸ் வாங்க வேண்டும் என்று தோன்றியது. அதற்குத்தான் இந்தக் கட்டுரை. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இந்த ஜீவன் யார் என்று சொல்லிவிடுகிறேன். பார்க்கப் பல்லி மாதிரியே இருக்கும். ஆனால் பல்லிக்கும் இதற்கும் ஸ்நானப்ராப்தி கூடக் கிடையாது. இது தவளையின் பங்காளி. செதில் இல்லாத, ஈரமான மெல்லிய தோல். நம் தென்னிந்தியாவில் சாலமாண்டரே இல்லை. இந்தியாவில் பார்க்க வேண்டுமென்றால் டார்ஜிலிங், வடகிழக்கு மாநிலங்கள் பக்கம்தான் போக வேண்டும். அதனால்தான் நம் ஊர் பேச்சில் இதற்கு ஒரு பெயர் கூட இல்லை.

உலகத்தில் 800-க்கும் மேற்பட்ட சாலமாண்டர் இனங்கள் உண்டு. ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இனங்களுக்கு நுரையீரலே கிடையாது! தோல் வழியாகவும் வாயின் உள்தோல் வழியாகவும்தான் மூச்சு. இந்த நுரையீரல் இல்லாத கூட்டத்தில் 300-க்கும் மேற்பட்ட இனங்கள் மெக்சிகோவிலிருந்து தென் அமெரிக்கா வரையுள்ள வெப்ப மண்டலத்தில் வாழ்கின்றன. சாலமாண்டர் என்றால் குளிர்நாட்டு ஓடையில் கிடப்பது என்று நினைத்திருந்தேன். இங்கே பார்த்தால் பல இனங்கள் ஓடைப் பக்கமே போகாமல் மரத்தின் மேல் குடித்தனம் நடத்துகின்றன. முட்டை இடவும் குளம் குட்டை வேண்டாம். தலைப்பிரட்டை மாதிரி ஒரு பருவமே இல்லாமல், முட்டையிலிருந்து குட்டி சாலமாண்டராகவே வெளியே வருகிறது.

இப்போது சாப்பாட்டு விஷயம். அசைன்மெண்டில் எனக்கே பிடித்துப்போன பகுதி இதுதான்.

இவற்றில் பெரிய கூட்டம் பொலிட்டோகுளோசா என்ற பேரினம். கிரேக்கத்தில் "காளான் நாக்கு" என்று அர்த்தம். பெயருக்கேற்ற மாதிரி நாக்கின் நுனி காளான் குடை போல இருக்கும். பகலெல்லாம் எங்காவது ஈரமான இடுக்கில் பதுங்கிக் கிடக்கும். இரவு, அதுவும் ஈரமான இரவு, வந்தால் வெளியே வந்து ஒரு இலை மேலோ கிளை மேலோ உட்காரும். அலைந்து திரிந்து வேட்டையாடுவது பெரும்பாலும் கிடையாது. உட்கார்ந்த இடத்தில் காத்திருக்கும். எறும்பு, சிறு வண்டு, உண்ணி வகைப் பூச்சி என்று ஏதாவது எட்டும் தூரத்தில் வந்தால் நாக்கை வீசும்.

அந்த வீச்சை லேசாக நினைக்காதீர்கள். குவாத்தமாலா, ஹோண்டுராஸ் பக்கம் வாழும் பொலிட்டோகுளோசா டோஃப்லைனி என்ற இனத்தை வைத்து 2007-ல் ஒரு ஆய்வு வந்தது. உடல் நீளத்தில் பாதிக்கும் மேல் நீளும் அந்த நாக்கு, சுமார் 7 மில்லி செகண்டில் வெளியே போய்விடுகிறது. ஒரு கிலோ தசைக்கு 18,000 வாட்டுக்கும் மேல் என்று சக்தியைக் கணக்கிட்டார்கள். எந்தத் தசையும் நேரடியாக இவ்வளவு சக்தி கொடுக்க முடியாது. அதனால் வில்லை இழுத்து வைத்து விடுவது போல, முன்கூட்டியே இழுவிசையைச் சேமித்து வைத்து ஒரே நொடியில் விடுகிறது என்பது அவர்கள் விளக்கம். ஆளைப் பார்த்தால் சோம்பேறி, நாக்கைப் பார்த்தால் ராக்கெட்!

மற்ற நேரமெல்லாம் செலவே இல்லாத வாழ்க்கை. உடம்பின் எரிபொருள் செலவு மிகக் குறைவு என்பதால் பல நாள் பட்டினி கிடந்தாலும் தாங்கும். வாலில் கொழுப்பைச் சேமித்து வைக்கும். காமர்ஸ் பாஷையில் சொன்னால் நிர்வாகச் செலவு கிட்டத்தட்ட பூஜ்யம்.

ஆனால் ஒரே ஒரு சிக்கல். தோலில் மூச்சு விடுகிற ஜீவன், தோல் காய்ந்தால் செத்தது. ஆகவே காற்றில் ஈரம் இருக்கும் நேரம்தான் அதன் வேலை நேரம். காய்ந்த இரவில் எதிரே எறும்பு ஊர்வலமே போனாலும் வெளியே வர முடியாது. இரை எவ்வளவு இருக்கிறது என்பதை விட, இரை தேட எத்தனை மணி நேரம் ஈரம் கிடைக்கிறது என்பதுதான் அதன் வருமானத்தைத் தீர்மானிக்கிறது. ஈரம்தான் அதன் நடைமுறை மூலதனம். அது தீர்ந்தால் கடையைச் சாத்த வேண்டியதுதான்.

அந்த ஈரத்தை மரத்தின் மேல் யார் சேமித்து வைக்கிறார்கள்? மரம் இல்லை. மரத்தின் மேல் ஒட்டி வாழ்கிறவர்கள்! மத்திய அமெரிக்காவின் மலைகளில் மேகம் வந்து உரசிக்கொண்டே இருக்கும் காடுகள் உண்டு. மேகக் காடு என்கிறார்கள். அங்கே ஒரு வயதான மரத்தின் கிளை என்றால் வெறும் கட்டை அல்ல. மேலே மெத்தை மாதிரி பாசி, பாசிக்கு அடியில் மக்கிய மண், அதில் ஆர்க்கிட், பெரணி, அன்னாசிக் குடும்பத்தைச் சேர்ந்த புரோமெலியாட் செடிகள். புரோமெலியாட்டின் இலைகள் அடியில் கிண்ணம் போலச் சேர்ந்து மழைத் தண்ணீரைப் பிடித்து வைக்கும். அந்த இலை இடுக்குதான் மரமேறும் சாலமாண்டரின் பகல் நேர லாட்ஜ். டென்ட்ரோட்ரைட்டான் என்ற சின்னஞ்சிறு கூட்டத்தில் சில இனங்களுக்குப் புரோமெலியாட்தான் முக்கிய இருப்பிடம். நோட்டோட்ரைட்டான் வகை பாசி மெத்தைக்குள் வாழ்கிறது, முட்டையையும் அங்கேயே இடுகிறது.

சரி, இப்போது "கணக்கு சரியாகிவிடும்" என்ற வாக்கியத்துக்கு வருவோம். எனக்குத் தெரிந்தது கணக்குதான், ஆகவே கணக்கை வைத்தே சண்டை போடுகிறேன்.

பிளஸ் ஒன்னில் கணக்குப்பதிவியல் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். இருப்பாய்வு டேலி ஆகிவிட்டது என்பதால் மட்டும் ஏட்டில் தப்பே இல்லை என்று அர்த்தம் கிடையாது. டேலி ஆகியும் வெளியே தெரியாத பிழைகள் உண்டு. ஒரு மரத்துக்குப் பத்து மரம் என்ற கணக்கில் அப்படி மூன்று பிழைகள் இருக்கின்றன.

முதலாவது, விடுபிழை. ஒரு நடவடிக்கையை ஏட்டில் எழுதாமலே விட்டுவிடுவது. பற்றிலும் இல்லை, வரவிலும் இல்லை, ஆகவே அழகாக டேலி ஆகும். மரத்தை எண்ணுகிறவர்கள் அடிமரத்தை மட்டும் எண்ணுகிறார்கள். மேலே இருக்கும் பாசி, புரோமெலியாட், மக்கு மண் எதுவும் ஏட்டில் ஏறுவதே இல்லை. ஏட்டில் ஏறாதது போனாலும் தெரியாது. மெக்சிகோவில் கிறிஸ்துமஸ் குடில் அலங்கரிக்கக் காட்டிலிருந்து பாசியும் புரோமெலியாட்டும் உரித்து வந்து சந்தையில் விற்கிறார்கள். ஒரு மரம் கூட வெட்டவில்லை. மரக் கணக்குப்படி நஷ்டம் பூஜ்யம். ஆனால் சாலமாண்டருக்கு வீடும் போச்சு, வேலை நேரமும் போச்சு.

இத்தனைக்கும் இது யாருக்கும் தெரியாத ரகசியம் இல்லை. கோஸ்டா ரிக்காவைச் சேர்ந்த குளோடோமிரோ பிக்காடோ என்ற விஞ்ஞானி, புரோமெலியாட்டுக்குள் என்னென்ன ஜீவன் குடியிருக்கிறது என்று கிளறிப் பார்த்து 1913-லேயே பாரிஸில் ஆய்வு வெளியிட்டுவிட்டார். நோட்டோட்ரைட்டான் பிக்காடோய் என்ற சாலமாண்டருக்கு அவர் பெயர்தான். "செடிக்குள் பூச்சி பார்க்கிறவனால் நாட்டுக்கு என்ன லாபம்" என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல்: அதே மனிதர்தான் பிற்பாடு அந்த நாட்டில் பாம்பு விஷ ஆராய்ச்சிக்கு அடித்தளம் போட்டவர். அங்கே விஷமுறிவு மருந்து தயாரிக்கும் நிறுவனம் இன்றும் அவர் பெயரில்தான் இயங்குகிறது.

இரண்டாவது, விதிப்பிழை. கடைக்கு வாங்கிய பீரோவைக் கொள்முதல் கணக்கில் எழுதுவது மாதிரி. தொகை சரி, தலைப்பு தப்பு. பீரோ வருஷக்கணக்கில் உழைக்கும் நிலைச் சொத்து. கொள்முதல் சரக்கு இன்று வரும், நாளை போகும். பழைய மரம் நிலைச் சொத்து. நாற்று என்பது நர்சரியில் வாங்கும் சரக்கு. இரண்டையும் "மரம்" என்று ஒரே தலைப்பில் எழுதினால் எப்படி?

நளினி நட்கர்னி என்ற அமெரிக்க ஆய்வாளர் கோஸ்டா ரிக்காவின் மான்டேவெர்டே மேகக் காட்டில் மர உச்சிக்குக் கயிறு கட்டி ஏறி, கிளைகளின் மேல் இருந்த பாசியையும் செடிகளையும் சுத்தமாக உரித்துவிட்டு, திரும்ப எப்போது வளர்கிறது என்று வருஷக்கணக்கில் காத்திருந்து பார்த்தார். முதல் சில வருஷம் கிட்டத்தட்ட ஒன்றுமே வரவில்லை. வந்தபோதும் கிளையின் அடிப்பக்கத்தில்தான் முதலில் வந்தது. இத்தனைக்கும் அங்கே மரம் உயிரோடு இருக்கிறது, சுற்றிலும் முழுக் காடு இருக்கிறது, மேகமும் தினமும் வருகிறது. அப்படியிருந்தும் அவ்வளவு தாமதம். வெயிலில் குச்சி மாதிரி நிற்கும் நாற்றில் எத்தனை தலைமுறை ஆகும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். பத்து நாற்று இல்லை, பத்தாயிரம் நாற்று நட்டாலும் அந்த வருஷங்களை நட முடியாது. சாலமாண்டர் அதுவரை எங்கே போய்த் தங்கும்? பல நாள் பட்டினி தாங்கும் என்று சொன்னேன், பல பத்தாண்டு தாங்கும் என்று சொல்லவில்லை.

மூன்றாவது, ஈடுசெய் பிழை. ஒரு கணக்கில் நூறு ரூபாய் குறைந்து, சம்பந்தமே இல்லாத இன்னொரு கணக்கிலும் நூறு ரூபாய் தப்பி, ஒன்றை ஒன்று மறைத்துக்கொள்வது. இங்கே வெட்டினோம், அங்கே நட்டோம் என்பது இதுதான்.

வெப்ப மண்டல மலையில் ஒரு விசேஷம் உண்டு. அடிவாரத்தில் வருஷம் முழுக்க சூடு, உச்சியில் வருஷம் முழுக்கக் குளிர். கோடை, குளிர்காலம் என்று பெரிய மாற்றம் கிடையாது. அதனால் ஒரு உயரத்தில் வாழும் ஜீவன் அந்த உயரத்துக்கு மட்டும் பழகிவிடுகிறது. கீழே உள்ள பள்ளத்தாக்கு அதற்குச் சுவர் மாதிரி. டேனியல் ஜான்சன் 1967-ல் எழுதிய பிரபலமான கட்டுரையின் சாரம் இதுதான். மேற்கு குவாத்தமாலாவில் சான் மார்க்கோஸ் பகுதி மலைச் சரிவில் டேவிட் வேக் குழுவினர் 1970-களில் ஏறிப் பார்த்தபோது, ஏற ஏற சாலமாண்டர் இனங்கள் மாறிக்கொண்டே போயின. மாடிக்கு மாடி வேறு குடித்தனம்! ஒரு மாடியை இடித்துவிட்டு வேறு ஊரில் வீடு கட்டினால் அந்தக் குடித்தனத்துக்கு என்ன பிரயோஜனம்?

நம்மூர் சம்பந்தம் ஒன்றும் இதில் இருக்கிறது. குவாத்தமாலா இன்று ஏலக்காய் ஏற்றுமதியில் உலகிலேயே முன்னணி நாடு. ஏலச்செடியின் தாய்வீடு நம் மேற்குத் தொடர்ச்சி மலை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே போய்ச் சேர்ந்த செடி அது. அங்குள்ள ஈர மலைக்காடுகளை ஓரத்திலிருந்து அரிக்கும் பயிர்களில் காப்பியோடு ஏலமும் ஒன்று. நம் பாயசத்து வாசனை, யாரோ ஒருவருடைய கூரை.

இப்போது என் கட்சிக்கு எதிரான வாதங்களையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் ஏமாற்றுகிறேன் என்பீர்கள்.

ஒன்று, எல்லா சாலமாண்டரும் இவ்வளவு செல்லப் பிள்ளை இல்லை. பொலிட்டோகுளோசாவில் சில இனங்கள் வாழைத் தோட்டத்திலும் பெரிய நிழல் மரம் விட்டு வளர்த்த காப்பித் தோட்டத்திலும் பிழைத்துக்கொள்கின்றன. சந்தோஷம். ஆனால் கவனியுங்கள், அங்கேயும் அவற்றைக் காப்பாற்றுவது வெட்டாமல் விட்ட பழைய மரமும் ஈர இலை இடுக்கும்தான். புதிய நாற்று அல்ல.

இரண்டு, காடு அப்படியே நின்ற இடத்திலும் சாலமாண்டர்கள் காணாமல் போயிருக்கின்றன. அதே சான் மார்க்கோஸ் சரிவுக்குத் திரும்பிப் போய்த் தேடி 2009-ல் வெளியிட்ட ஆய்வில், முன்பு சர்வசாதாரணமாகக் கிடைத்த சூடோயூரிசியா புருன்னாட்டா, சூடோயூரிசியா கோபெலி என்ற இரண்டு இனங்களில் ஒன்று கூடக் கண்ணில் படவில்லை. 2011-ல் இன்னொரு ஆய்வு. மியூசியத்தில் பழைய பாட்டில்களில் ஊறிக் கிடந்த தவளை, சாலமாண்டர் தோல்களைத் துடைத்துப் பார்த்ததில் கைட்ரிட் என்ற பூஞ்சையின் தடம் தெரிந்தது. 1970-களில் தெற்கு மெக்சிகோ, பிறகு குவாத்தமாலா, 1987 வாக்கில் மான்டேவெர்டே என்று நோய் நகர்ந்த பாதையும் இந்த ஜீவன்கள் மறைந்த காலமும் பொருந்திப் போயின. ஆக, மரம் நின்றாலே போதும் என்று நான் சொல்லவில்லை. மரத்தின் தலையை எண்ணுவதால் காட்டில் என்ன நடக்கிறது என்று தெரியாது என்கிறேன். இந்த இரண்டாவது வாதம் எனக்கு எதிரியே அல்ல, சாட்சி!

மூன்று, "அப்போ மரமே நடக் கூடாதா? வளர்ச்சியே வேண்டாமா?" கண்டிப்பாக நடுங்கள். காலியாகக் கிடக்கும் இடத்தில் நடுவது நல்ல காரியம். வெட்டியதற்கு ரசீதாக அதைக் காட்டாதீர்கள் என்பதுதான் என் சண்டை. நட்டது நன்மை, வெட்டியது இழப்பு. இரண்டையும் தனித்தனிப் பக்கத்தில் எழுதுங்கள். ஒன்றால் ஒன்றை அடித்துவிடாதீர்கள்.

வேறு மாதிரி கணக்கு எழுத முடியும் என்பதற்கும் உதாரணம் அங்கேயே இருக்கிறது. கோஸ்டா ரிக்கா 1996-ல் ஒரு வனச் சட்டம் போட்டது. காடு கொடுக்கும் நான்கு சேவைகளை அதில் பெயர் சொல்லிக் குறித்தார்கள்: கரியமில வாயுவைக் குறைப்பது, தண்ணீர், உயிரின வளம், இயற்கை அழகு. நிற்கும் காட்டை அப்படியே விட்டுவைக்கும் நில உரிமையாளருக்கே பணம் உண்டு. அந்தப் பணத்தில் முக்கியப் பங்கு எரிபொருள் வரியிலிருந்து வருகிறது. மரத்தை வெட்டினால்தான் காசு என்ற நிலைமையை மாற்றி, வெட்டாமல் இருந்தாலும் காசு என்றார்கள். குறையே இல்லாத திட்டம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பழைய மரத்தை நிலைச் சொத்து தலைப்பில் எழுதிய ஏடு அது.

குவாத்தமாலாவில் இன்னொரு கதை. 1975-ல் குச்சுமாத்தானெஸ் மலையில் ஜாக்சன், எலியாஸ் என்ற இரண்டு இளைஞர்கள் மஞ்சளும் கறுப்புமாக ஒரு மரமேறும் சாலமாண்டரைக் கண்டுபிடித்தார்கள். பொலிட்டோகுளோசா ஜாக்சோனி. அதற்குப் பிறகு 42 வருஷம் யாரும் அதை உயிரோடு பார்க்கவில்லை. கணக்கை மூடிவிடலாம் என்ற நிலைமை. 2015-ல் அந்தப் பகுதியில், பயிர்த் தோட்டமாகப் போகவிருந்த காட்டுத் துண்டு ஒன்றைச் சில அமைப்புகள் சேர்ந்து பணம் திரட்டி வாங்கிக் காப்பகமாக்கின. 2017 அக்டோபரில் அந்தக் காப்பகத்தின் காவலர் ரோந்து போகும்போது ஒரு குட்டியைப் பார்த்துவிட்டார். அதே மஞ்சள், அதே கறுப்பு! யோசித்துப் பாருங்கள். 2015-ல் அந்த மரங்களை வெட்டிவிட்டு, பக்கத்து ஜில்லாவில் பத்து மடங்கு நாற்று நட்டிருந்தால் ஏட்டில் அமோக லாபம் காட்டியிருக்கும். எதை இழந்தோம் என்பது ஏட்டிலும் இருக்காது, யாருக்கும் தெரிந்தும் இருக்காது.

அசைன்மெண்டுக்கு எனக்குக் கிடைத்தது பத்துக்கு ஆறு. "தலைப்பை விட்டு விலகிக் கணக்குப்பதிவியல் எழுதப்பட்டுள்ளது" என்று சிவப்பு மையில் குறிப்பு. இருக்கட்டும். அடுத்த முறை யாராவது மேடையில் பத்து மரம் என்று சொன்னால் கை தட்டும் முன் எழுந்து மூன்று கேள்வி கேட்கப் போகிறேன். வெட்டிய மரத்துக்கு என்ன வயது? அதன் மேல் யார் யார் குடியிருந்தார்கள்? அவர்களை எந்த ஏட்டில் எழுதினீர்கள்?

நீங்களும் கேளுங்கள். பதில் கிடைத்தால் எனக்கும் சொல்லுங்கள்.

பி.கு.: நம் சோலைக்காடுகளில் சாலமாண்டர் இல்லாவிட்டாலும், தலைப்பிரட்டைப் பருவமே இல்லாமல் முட்டையிலிருந்து நேராகத் தவளையாக வெளிவரும் குட்டிப் புதர்த் தவளைகள் இருக்கின்றன. அவற்றுக்கும் ஈரம்தான் உயிர். அவற்றின் கணக்கை யார் எழுதுகிறார்கள் என்று தேட ஆரம்பித்திருக்கிறேன். அது தனிக் கட்டுரை.